கண்ணாடியா, கூலிங் கிளாஸா? ப்ரீஆம்ப் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் பவர் ஆம்ப் பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில், “நல்ல பாஸிவ் ப்ரீஆம்ப் ஒன்று இருந்தால் போதும்” என்று எழுதிவிட்டேன். (புதியவர்களுக்கு: சிடி பிளேயர் போன்ற சோர்ஸுக்கும், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவில் நின்று சத்த அளவைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் ப்ரீஆம்ப். மின்சாரம் வாங்கி சிக்னலைப் பெருக்கவும் தெரிந்தது ஆக்டிவ், குறைக்க மட்டும் தெரிந்தது பாஸிவ்.) இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். சிலர் நன்றி சொல்லியிருந்தார்கள், சிலர் திட்டியிருந்தார்கள். திட்டியவர்கள் பக்கம் நியாயம் கொஞ்சம் அதிகம். அந்த வரியில் ஓர் ‘ஆனால்’ விட்டுப்போயிற்று, அது எவ்வளவு பெரிய ‘ஆனால்’ என்று இனி பார்க்கலாம்.

கேள்வி: பாஸிவ் ப்ரீஆம்பில் மின்சாரமே கிடையாது. டிரான்சிஸ்டர் இல்லை, வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்) இல்லை. பாதையில் ஒன்றுமே இல்லாதபோது ஒலி கெட வழியே இல்லை, ஆகவே எந்த ஆக்டிவ் ப்ரீஆம்பும் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியாகத்தானே இருக்கிறது சார்?
— ‘ஒன்றுமில்லாததே நல்லது’ வாசகர்

பதில்: கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் அடியிலேயே ஓட்டை. பாதையில் ஒன்றுமே இல்லாமல் இல்லை. பாஸிவ் பெட்டியைத் திறந்தால் ஒரு செலக்டர் சுவிட்ச், ஒரு வால்யூம் பாட், நாலைந்து ஜோடி சாக்கெட், கொஞ்சம் ஒயர் இருக்கும். (பாட் என்று எழுதப்போனால் ‘பாட்டுக்குப் பின்னால்’, ‘பாட்டில்’ என்றெல்லாம் வந்து குழப்பும், அதனால் இனி குமிழ் என்றே எழுதுகிறேன்.) குமிழ் என்பது ஒரு ரெசிஸ்டன்ஸ். சிக்னலைக் குறைக்கத் தெரியும், கூட்டத் தெரியாது. அப்புறம், நண்பருக்குத் தெரியுமோ என்னவோ, ஆக்டிவ் பெட்டியைத் திறந்தாலும் பெரும்பாலானவற்றில் அதே குமிழ்தான் முதலில் உட்கார்ந்திருக்கும், அதற்குப் பின்னால்தான் பெருக்கும் சுற்று. ஆக, அவர் கேட்க வேண்டிய கேள்வி ‘பாஸிவா ஆக்டிவா’ என்பதல்ல, குமிழுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டுமா என்பதுதான்.

பாஸிவ்காரர்களின் உண்மையான பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிடி பிளேயர் வந்த நாளிலிருந்து அதன் முழு வெளியீடு 2 வோல்ட் என்பது வழக்கம், இன்றைய டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும்) பெட்டிகளும் பெரும்பாலும் அதைத்தான் தருகின்றன. பவர் ஆம்ப் ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கும், டெசிபலில் (சிக்னல் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அளவு) சொன்னால் 26. 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் வர 28 வோல்ட் சொச்சம் வேண்டும். 28-ஐ 20-ஆல் வகுத்தால் 1.4 வோல்ட். நம் கையில் இருப்பதோ 2. பவர் ஆம்பை அதன் உச்சி வரை ஓட்டிய பிறகும் 3 டெசிபல் மிச்சம் இருக்கிறது. இந்த நிலையில் நடுவே இன்னொரு 10, 15 டெசிபல் கெயின் (பெருக்கம்) தரும் பெட்டியை வைத்து என்ன செய்கிறோம்? அங்கே ஏற்றப்போவதை இங்கே குமிழைத் திருகி இறக்குகிறோம். பல வீடுகளில் வால்யூம் குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்டியதே இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலிவான இரட்டைக் குமிழ்களில் அந்த ஆரம்பப் பகுதியில்தான் இடதும் வலதும் ஒத்துப்போகாது, 2, 3 டெசிபல்கூட வித்தியாசம் வரும். பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். அதே தரக் குமிழை பாஸிவில் வைத்தால், பின்னால் கூடுதல் கெயின் இல்லாததால், நன்றாகத் திருகி வைத்துத்தான் கேட்போம். சேனல்கள் சேர்ந்துகொள்ளும், பாடகர் நடுவுக்கு வந்துவிடுவார், “அடடா, என்ன தெளிவு!” என்போம். பாராட்டு பாஸிவுக்குப் போகிறது, போக வேண்டியது குமிழ் நின்ற இடத்துக்கு.

இப்போது மறுபக்கம். சிடி பிளேயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) ஒரு 100 ஓம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எவ்வளவு நீளக் கேபிள் போட்டாலும் அசராது. நடுவில் 10 கிலோ ஓம் குமிழ் வந்ததும், பவர் ஆம்ப் பக்கமிருந்து பார்த்தால் அந்த 100 ஓம் தெரியாது. சிக்னலைச் சரிபாதியாக்கும் இடத்தில், அதாவது 6 டெசிபல் குறைத்த நிலையில், குமிழின் மதிப்பில் கால்பங்கு தெரியும்: 2,500 ஓம். 50 கிலோ ஓம் குமிழ் என்றால் 12,500. 100 கிலோ ஓம் என்றால் 25,000. அந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் திருகினாலும் குறையும். உதாரணத்துக்கு, ஸ்பீக்கருக்கு 1 வாட் போகிற அளவில் சிக்னலை 23 டெசிபல் குறைத்திருப்போம், அங்கே 10 கிலோ ஓம் குமிழ் காட்டுவது 660 ஓம்தான். இந்த இம்பீடன்ஸ் கேபிளின் கெபாசிட்டன்ஸோடு (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) சேர்ந்தால் அது ஒரு ஃபில்டர், உச்ச சுரங்களைத் தின்னும். தானாக எந்தத் தப்பும் செய்யாத ஆள்தான் பாஸிவ், ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் செய்கிற தப்பைத் தடுக்க அவனுக்குத் தெம்பு கிடையாது. ஆக்டிவில் குமிழுக்குப் பின்னால் நிற்கும் சுற்று பெருக்குவதற்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், வீட்டில் அதன் முக்கிய வேலை தாங்கிப் பிடிப்பது.

அந்தச் சுற்று ஒலியை அழுக்காக்காதா என்பார் நண்பர். மோசமாகச் செய்தால் ஆக்கும். ஆனால் பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் சாதாரண 5532 ஆப்ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்கூட, ஒழுங்கான சுற்றில், 0.001 சதவீத அளவு டிஸ்டார்ஷனோடு (ஒலித் திரிபு) முடித்துக்கொள்ளும். ஸ்பீக்கரோ 0.1 சதவீதத்தில் ஆரம்பித்து, அடிமட்ட பேஸில் பல சதவீதம் வரை போகும். இரைச்சலை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான்: 2,500 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று, மின்சாரமே தராமல் சும்மா வைத்திருந்தாலும், வெப்பத்தால் மட்டுமே 0.9 மைக்ரோவோல்ட் இரைச்சல் போடும். அந்தச் சிப் தன் பங்காகச் சேர்ப்பது அதைவிடச் சற்றுக் குறைவு. ஆக்டிவில் குமிழும் இருப்பதால் இரண்டும் கூடும்தான், மறுக்கவில்லை, ஆனாலும் மொத்தமும் சேர்ந்து காதுக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது.

ஆகவே: 10 கிலோ ஓம் குமிழ், ஒரு மீட்டர் கேபிள், 47 கிலோ ஓம் அளவு நுழைவு இம்பீடன்ஸ் உள்ள பவர் ஆம்ப், 2 வோல்ட் தரும் தெம்பான சோர்ஸ் என்றால் நண்பர் சொல்வது நடைமுறையில் உண்மை, பாஸிவ் தாராளமாகப் போதும். இந்த நான்கில் ஒன்று மாறினாலும் அடுத்த கடிதக்காரரின் கதி வரலாம்.

கேள்வி: பாஸிவ் போட்டதிலிருந்து ஒலி இதமாக, வழவழவென்று இருக்கிறது. ஆனால் சில நாள் மட்டும் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசை மங்கின மாதிரி தெரிகிறது, சில நாள் சரியாக இருக்கிறது. குமிழ் 50 கிலோ ஓம். பவர் ஆம்புகள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், கேபிள் 5 மீட்டர். சிடி பிளேயர் வால்வு வெளியீடு உள்ளது. 10 கிலோ ஓம் குமிழாக மாற்றிவிடலாமா?
— ஐந்து மீட்டர் ஆசாமி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், என்னை நினைத்துத்தான். பல வருடங்களுக்கு முன்னால் நானே ஒரு பழைய தகரப் பெட்டியில் பாஸிவ் ப்ரீஆம்ப் செய்தேன். கையில் கிடந்தது 50 கிலோ ஓம் குமிழ், ஆம்ப் அறையின் அந்தக் கோடியில், கேபிள் கிட்டத்தட்ட உங்கள் நீளம். கேட்டவுடன் சொக்கிப்போய்விட்டேன். கரகரப்பு போய்விட்டது, இதுநாள்வரை என் ஆக்டிவ்தான் ஒலியில் மணலைத் தூவிக்கொண்டிருந்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக அளந்து பார்த்தால் உச்சத்தில் 2 டெசிபல் காணோம்! நான் கண்ணாடி என்று கொண்டாடியது லேசான கூலிங் கிளாஸ். மணல் என்று நினைத்தது ரெக்கார்டிங்கிலேயே இருந்திருக்கிறது. அதை மறைத்த பெட்டிக்கு ‘தெளிவு’ என்று பட்டம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கணக்கும் அதேதான். சாதாரணக் கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால் 5 மீட்டருக்கு 500. குமிழ் நடுநிலையில் காட்டும் 12,500 ஓமோடு அது சேரும்போது, சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கம். அது காதுக்கு மேலே என்று நினைக்க வேண்டாம், 20 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபலும் 10-இல் அரைக்குச் சற்று மேலும் போய்விடும். வால்வு வெளியீட்டின் சொந்த இம்பீடன்ஸ் இதற்கு மேல் கொசுறு. ‘சில நாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாட்களில் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேட்டிருப்பீர்கள். குமிழ் 6 டெசிபல் இடத்தை நெருங்கும்போதுதான் இம்பீடன்ஸ் உச்சம். மெதுவாகக் கேட்கிற இரவுகளில் அது 3,300 ஓமுக்கு இறங்கிவிடும், சிம்பல் திரும்பி வந்துவிடும். வால்யூமைத் திருகினால் டோனும் மாறுகிற பெட்டிக்குத் தெளிவான பெட்டி என்று எப்படிப் பெயர் வைப்பது?

10 கிலோ ஓம் போட்டால் உச்சம் சரியாகும், 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.1 டெசிபல்தான். ஆனால் உங்கள் பிளேயர் வால்வு வெளியீடு. அதன் வாசலில் ஒரு கப்ளிங் கெபாசிட்டர் (டிசி மின்சாரத்தைத் தடுத்து இசையை மட்டும் விடும் பாகம்) நிற்கும். அது 1 மைக்ரோஃபாரட் என்றால் 10 கிலோ ஓம் சுமையோடு 16 ஹெர்ட்ஸில் வெட்டு விழும், 20 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் இழப்பு. 0.47 மைக்ரோஃபாரட் என்றால் வெட்டு 34 ஹெர்ட்ஸுக்கே ஏறிவிடும், பேஸ் கிடாரின் அடிநாதம் மெலியும். போதாததற்கு, பல வால்வுச் சுற்றுகள் அவ்வளவு கனமான சுமையை இழுக்கச் சிரமப்பட்டு டிஸ்டார்ஷனைக் கூட்டும். தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை கதை. ‘பாஸிவில் பேஸ் வராது, அடி இருக்காது’ என்ற பரவலான புகாரில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

உங்களுக்கு வேண்டியது கெயின் இல்லாத பஃபர். அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2008-இல் பி1 என்ற ஒரு சுற்றைச் செய்து காட்டினார்: குமிழுக்குப் பின்னால் ஜேஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) பஃபர், பெருக்கமே கிடையாது, தாங்குவது மட்டும்தான் வேலை. அந்த மாதிரி ஏதாவது ஒன்று போட்டால் 50 கிலோ ஓம் குமிழை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பிளேயருக்கும் சுமை இல்லை, கேபிளும் தொந்தரவு செய்யாது. சாலிடரிங் பிடிக்காது என்றால் ஆம்புகளை ப்ரீஆம்ப் பக்கம் நகர்த்தி ஸ்பீக்கர் ஒயரை நீளமாக்குங்கள். செலவில்லாத வழி அது.

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ப்ரீஆம்ப்களைக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்டோம். ஒரு பாஸிவ், ஒரு சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர், சிப் வைத்தது), ஒரு வால்வு. ஒவ்வொருவருக்கும் அவரவர் கொண்டுவந்ததுதான் தெளிவாக இருந்தது. இப்போது இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. முறையாகச் சோதிப்பது எப்படி?
— நடுவில் மாட்டிக்கொண்டவர்

பதில்: சண்டை வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். கேபிளைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம், அதற்குள் காது முந்தையதை மறந்துவிடும். எது யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். சத்த அளவு மூன்றிலும் வேறு. இந்த மூன்றாவதுதான் எமன். அரை டெசிபல் கூடினால் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘உயிரோட்டம் வந்துவிட்டது’, ‘சல்லாத் துணியை எடுத்த மாதிரி இருக்கிறது’ என்பார்கள். கையும் நம்மை ஏமாற்றும்: கெயின் உள்ள ஆக்டிவில் குமிழைத் தொட்டதும் சத்தம் எகிறும், அது ‘பவர்’ மாதிரி படும். பாஸிவில் நிறையத் திருக வேண்டும், அது ‘தெம்பில்லாத’ மாதிரி படும். ஒலியைக் கேட்பதற்கு முன்பே விரல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சத்தத்தைச் சமப்படுத்த ஒரு மல்டிமீட்டர் போதும். போன் ஆப் வேண்டாம், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே அதன் எண் மாறும். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள், முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல். ஏன் 400? மலிவான மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸை அளக்கச் செய்யப்பட்டவை, சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் பல மீட்டர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஒன்றில் 2.00 வோல்ட் வந்தால் மற்றதில் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் வர வேண்டும், அப்போதுதான் 0.1 டெசிபலுக்குள் அடங்கும். இரண்டு சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். ‘பரந்து விரிந்த மேடை’ என்று ஒருவர் சொன்னது வெறும் சேனல் ஏற்றத்தாழ்வாக இருந்த கதை எனக்குத் தெரியும். (அந்த ஒருவரும் நான்தான்.)

அடுத்து, எதோடு எதை ஒப்பிடுவது. இரண்டு ப்ரீஆம்பை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எது பிடிக்கிறது என்று தெரியும், எது கண்ணாடி என்று தெரியாது. அதற்கு வெறும் ஒயரோடு ஒப்பிட வேண்டும். டேப் மானிட்டர் சுவிட்ச் உள்ள பழைய இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்) யாரிடமாவது இருந்தால் அதிர்ஷ்டம். அதன் ரெக்கார்ட் அவுட்டிலிருந்து உங்கள் ப்ரீஆம்புக்கு, அங்கிருந்து டேப் இன்னுக்கு. போன அளவே திரும்பி வரும்படி ப்ரீஆம்பின் குமிழை மீட்டர் வைத்துச் சரிசெய்யுங்கள். இனி அந்தச் சுவிட்சைத் தட்டினால் ஒரு நொடியில் ஒயர், மறு நொடியில் ப்ரீஆம்ப். வித்தியாசம் கேட்டால் அது ப்ரீஆம்ப் போட்ட கைவரிசை, கேட்காவிட்டால் அந்தப் பெட்டி, உங்கள் காதுக்கு, உங்கள் அறையில், கண்ணாடி.

வெளியே போய்த் திரும்பி வருகிற இதே வளையத்தில் பாஸிவை வைத்து முழுக்கத் திறந்துவிட்டால் அது படிக்காமலே பாஸாகிவிடும், முழுக்கத் திறந்த குமிழ் கிட்டத்தட்ட ஒயர்தானே. குறைத்து வைத்தால் சத்தம் குறையும், ஒப்பிட முடியாது. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. முதலில் சாலிட் ஸ்டேட் ப்ரீஆம்பைத் தனியாக ஒயரோடு சோதித்துப் பாருங்கள். அது தேறிவிட்டால், வளையத்தில் பாஸிவை முதலில் வைத்து 6 டெசிபல் குறையுங்கள், அதற்குப் பின்னால் உங்கள் வீட்டு நீளக் கேபிளையே போடுங்கள், அதற்குப் பின்னால் தேறிய ஆக்டிவை வைத்து அதே 6 டெசிபலை ஏற்றுங்கள். மொத்தத்தில் அளவு சமம். இப்போது சுவிட்சைத் தட்டினால் கேட்பது பாஸிவும் கேபிளும் சேர்ந்து செய்கிற வேலை மட்டும்தான். அதற்குக் கடினமான குமிழ் நிலையும் அதுவே. நான் செய்து பார்த்தபோது 50 கிலோ ஓமில் வித்தியாசத்தைப் பிடித்தேன், 10 கிலோ ஓமில் பிடிக்க முடியவில்லை. என் காதுக்கு வயதாகிவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கண் தெரியக் கூடாது. டேவிட் கிளார்க் 1982-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் விவரித்த ஏபிஎக்ஸ் முறை இதற்காகவே வந்தது: ஏ தெரியும், பி தெரியும், எக்ஸ் இரண்டில் எது என்று சொல்ல வேண்டும். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஒருவர் நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி சுவிட்சைப் போடட்டும், கேட்கிறவர் திரும்பி உட்காரட்டும். சுவிட்ச் போடுகிறவரும் முகத்தைக் காட்டக் கூடாது, பாதி விடை முகத்தில் இருக்கும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் ஏதோ கேட்கிறது என்று ஒத்துக்கொள்ளலாம், குருட்டாம்போக்கில் அது வர 100-க்கு 4 வாய்ப்புதான். பத்து, பதினொன்று என்றால் நாணயமே அந்த மதிப்பெண் வாங்கும். பேசாமல் இருக்கும் இரண்டு பேரையும் ஒரே பக்கம் உட்காரவையுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து தோற்றால் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: குமிழுக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாஸிவ்தான் உச்சம் என்கிறார்களே?
— ஒரு வரி வாசகர்

பதில்: யோசனை அருமையானது. சிக்னலைக் குறைக்கக் குறைக்க வெளியீட்டு இம்பீடன்ஸும் இறங்கிக்கொண்டே போகும்: பத்தில் ஒன்றாகக் குறைத்தால், சோர்ஸின் இம்பீடன்ஸ் நூற்றில் ஒன்றாகத் தெரியும், சுருள் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் மட்டும் மிச்சம். கேபிள் பிரச்சினை அதோடு முடிந்தது. பதிலுக்கு வேறு பிரச்சினைகள் வரும்: பக்கத்தில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஹம் (உறுமல்) பிடிக்கும், அடி பேஸில் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்து டிஸ்டார்ஷன் ஏறும், சோர்ஸ் இம்பீடன்ஸ் பெரிதானால் பேஸும் குறையும். சுருளை நன்றாகச் சுற்றிச் செய்தவற்றில் இதெல்லாம் கட்டுக்குள் இருக்கும். பஃபர் ஒன்று செய்து முடிக்கிற வேலைக்கு இவ்வளவு செம்பும் இரும்பும் தேவையா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கேள்வி: நீங்கள் காதை நம்பாமல் மீட்டரை நம்புகிறவர். எல்லா பாஸிவையும் கேட்டுவிட்டுத்தான் வால்வு ப்ரீஆம்புக்கு வந்தேன். அதில்தான் குரலில் சதை இருக்கிறது, மற்றதெல்லாம் எலும்புக்கூடு. இதை உங்கள் டெசிபல் விளக்குமா?
— கோபக்காரர்

பதில்: விளக்கும், கோபப்படாமல் கேளுங்கள். பல வால்வு ப்ரீஆம்ப்களில் இரண்டாம் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்தான் தூக்கலாக இருக்கும், ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மேல் ஸ்தாயி மெலிதாக ஒட்டிக்கொண்டு வரும். காதுக்கு அது இனிமை. அந்தச் சதை நிஜம், ஆனால் ரெக்கார்டிங்கில் இருந்தது இல்லை, உங்கள் பெட்டி போட்டது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நானும் சில ராத்திரிகளில் வால்வில்தான் கேட்கிறேன். அதைத் தெளிவு என்று சொல்லும்போதுதான் நமக்குள் சண்டை. ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று சொன்னால் யாரும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

இன்னொன்று, உங்கள் பவர் ஆம்பும் வால்வுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். 12ஏஎக்ஸ்7 மாதிரியான வால்வு நுழைவில் இருந்தால், அதன் பெருக்கமே உள் கெபாசிட்டன்ஸைப் பெரிதாக்கிக் காட்டும், 100 பிகோஃபாரட்டைச் சாதாரணமாகத் தொடும். கூடுதலாக ஒரு மீட்டர் கேபிள் போட்ட மாதிரி. பெரிய மதிப்புக் குமிழ் உள்ள பாஸிவுகளையே கேட்டிருந்தால், எலும்புக்கூடு என்றில்லாவிட்டாலும், மங்கின பாஸிவைத்தான் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: ப்ரீஆம்பே வேண்டாம், டிஏசி-யின் டிஜிட்டல் வால்யூமோடு நேராக பவர் ஆம்பில் கொடுத்துவிட்டால்? வால்யூமைக் குறைத்தால் பிட் குறையும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— பெட்டி குறைப்பவர்

பதில்: 16 பிட் காலத்துப் பயம் அது. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல், இன்றைய வால்யூம் கணக்கு 24 அல்லது 32 பிட்டில் நடக்கிறது, குறைக்க இடம் தாராளமாக இருக்கிறது. பார்க்க வேண்டியது டிஏசி-யின் அனலாக் இரைச்சல், அது வால்யூமைக் குறைத்தாலும் குறையாது. 2 வோல்ட்டுக்கு 120 டெசிபல் கீழே என்றால் 2 மைக்ரோவோல்ட். பவர் ஆம்ப் அதை 20 மடங்காக்கினால் 40 மைக்ரோவோல்ட். 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் இது கேட்கும் எல்லைக்கே கீழே போய்விடும், மைனஸ் 7 டெசிபல். சின்ன சிக்னலுக்கே பெரிய சத்தம் தரும் ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருக்கிறவர்கள் மட்டும் யோசித்தால் போதும், அவர்களும் பவர் ஆம்ப் நுழைவில் 10 டெசிபல் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

எனக்கு இருக்கிற பயம் வேறு. மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு டிஏசி முழு வால்யூமில் எழுந்து உட்கார்ந்தால் 2 வோல்ட்டும் நேரே பவர் ஆம்புக்குப் போகும், ட்வீட்டர் (உச்ச சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒரு நொடியில் பிரியாவிடை சொல்லும். நடுவில் கையால் திருகும் குமிழ் ஒன்று இருப்பது மன நிம்மதி. அது பாஸிவாகவே இருக்கட்டும்.

கேள்வி: நான் கேட்பது எல்பி மட்டும்தான். மேலே உள்ள எல்லாம் எனக்கும் பொருந்துமா?
— ஊசிக்காரர்

பதில்: அவ்வளவாகப் பொருந்தாது. எம்எம் (மூவிங் மேக்னெட்) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் பாகம், தருவது 5 மில்லிவோல்ட் அளவு. ஆர்ஐஏஏ திருத்தத்தோடு (எல்பியில் பதியும்போது குறைத்த பேஸையும் கூட்டிய உச்சத்தையும் பழையபடி ஆக்குவது) போனோ ஸ்டேஜ் என்ற எல்பிக்கான பெருக்கி 40 டெசிபல் ஏற்றினால் அரை வோல்ட் கிடைக்கும். பவர் ஆம்புக்கு வேண்டியதோ 1.4 வோல்ட், இடையில் 9 டெசிபல் பள்ளம். ரெக்கார்டின் உச்சக் கட்டங்களில் வோல்ட் இதைவிடக் கூடும்தான், ஆனாலும் மெல்லியதாகப் பதிவான தட்டுகளில் குமிழை முட்டும்வரை திருகிவிட்டு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று நிற்பீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் 10 டெசிபல் கெயின் உள்ள ஆக்டிவ் ப்ரீஆம்ப் உண்மையிலேயே வேலை செய்கிறது. அல்லது 50 டெசிபல் வரை ஏற்ற வழியுள்ள போனோ ஸ்டேஜாகப் பாருங்கள், அதன் பிறகு பாஸிவ் வைக்கலாம். அதுவரை பழைய ஆக்டிவை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.